நீங்கள் பேசாத அந்த மூன்று நாட்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. அவளை ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே கண்டிப்பாக இருந்திருக்கிறேன். அடித்ததில்லை, கத்தியதும் குறைவு. தவறு செய்தால் இரண்டு மூன்று நாட்கள் அவளோடு பேசமாட்டேன். அவளே வந்து மன்னிப்புக் கேட்டுவிடுவாள். என் கணவர் இதற்கு நேர் எதிர். நான் வேண்டாம் என்பதையெல்லாம் அவர் சரி என்பார். ஓராண்டாக மகள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள், மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. இப்போது நான் பேசாமல் இருந்தாலும் அவள் வருவதில்லை. சென்ற வாரம் அவளுடைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டேன். ‘அம்மா பேசாத நாட்களில் நான் இந்த வீட்டில் இல்லவே இல்லை என்று தோன்றுகிறது’ என்று எழுதியிருந்தாள். நான் படித்தது அவளுக்குத் தெரியாது. என் கண்டிப்புதான் அவளை இப்படி ஆக்கியதா? இனி விட்டுப்பிடிக்க வேண்டுமா? காலம் கடந்துவிட்டதா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த நோட்டுப் புத்தக வரியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். வளர்ப்பு முறை பற்றிய பேச்சு ஒரு வாரம் காத்திருந்தாலும் பாதகமில்லை. இது காத்திருக்கக் கூடாது. ‘இந்த வீட்டில் நான் இல்லவே இல்லை என்று தோன்றுகிறது’ என்பது தனிமையைச் சொல்லும் வரியாக மட்டுமே இருக்கலாம். ஆனால் அதே சொற்களுக்குள் ‘இல்லாமலே போய்விட்டால் என்ன’ என்ற எண்ணம் ஒளிந்திருக்கவும் இடமுண்டு. இரண்டில் எது என்பதை நீங்களும் ஊகிக்கக் கூடாது, நானும் ஊகிக்கக் கூடாது. அவளிடம்தான் கேட்க வேண்டும். நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பலரும் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்பதை இந்தத் துறையின் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. மனத்தில் சுமையிருக்கும் பிள்ளைக்கு, அதை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்பதே ஆறுதலாக இருப்பதும் உண்டு. ஆகவே, ‘மனசு ரொம்பக் கனத்துப் போகும்போது சிலருக்கு உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றும். உனக்கு அப்படி எப்போதாவது தோன்றியிருக்கிறதா?’ என்று அமைதியாகக் கேளுங்கள். ஆம் என்று சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல், புத்தி சொல்லத் தொடங்காமல், சொன்னதற்காக அவளுக்கு நன்றி சொல்லுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்து மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எப்படி, எப்போது என்றெல்லாம் அவள் யோசித்து வைத்திருப்பது தெரிந்தால் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இல்லை என்று சொன்னாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் மனச்சோர்வு துயரமாக வெளிப்படும். பதின்பருவத்தினரின் மனச்சோர்வு பல நேரங்களில் எரிச்சலாக வெளிப்படும். நாம் அதைத் திமிர் என்று பெயரிட்டுவிடுகிறோம். எரிந்து விழுவதோடு, தூக்கம் கெடுவது, பசி மாறுவது, பிடித்த காரியங்களில் ஆர்வம் போய்விடுவது, தோழிகளையே தவிர்ப்பது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற பேச்சு ஆகியவற்றில் சில இரண்டு வாரங்களுக்கு மேல் சேர்ந்து நிலைத்திருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. மருத்துவரிடம் போவதை உங்கள் வளர்ப்பின் மீதான தீர்ப்பாக நினைக்க வேண்டியதில்லை. உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, உள்ளே தோழிகளோடு பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கிறதா, இல்லையா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு மிக முக்கியமானது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கண்டிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் நீங்கள் இரண்டு வேறு காரியங்களைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரிக்காமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் பெற்றோரின் வளர்ப்பு முறையை மூன்றாக வகுத்தார். ‘நான் சொன்னால் கேட்க வேண்டும்’ என்ற அதிகார முறை ஒன்று. எதையும் மறுக்காத செல்ல முறை ஒன்று. விதியும் இருக்கும், அதன் காரணமும் சொல்லப்படும், பிள்ளையின் பேச்சும் கேட்கப்படும் என்ற முறை மூன்றாவது. 1983இல் எலினார் மக்கபியும் ஜான் மார்ட்டினும் இதையே இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார்கள். பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? பிள்ளையின் தேவைக்கும் உணர்வுக்கும் எவ்வளவு செவிசாய்க்கிறீர்கள்? இரண்டும் இல்லாத வீடு நான்காவது வகை. அது கண்டுகொள்ளாமல் விடும் வளர்ப்பு. 1991இல் வெளியான, சுமார் 4,100 பதின்பருவத்தினரைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில் இந்த நான்கு வகை வீட்டுப் பிள்ளைகளும் ஒப்பிடப்பட்டார்கள். எதிர்பார்ப்பும் செவிசாய்ப்பும் சேர்ந்திருந்த வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலான அளவுகோல்களில் நன்றாக இருந்தார்கள். கண்டுகொள்ளப்படாதவர்களின் நிலையே மிக மோசம். அதிகார முறையில் வளர்ந்தவர்கள் படிப்பிலும் கீழ்ப்படிதலிலும் ஓரளவு நன்றாக இருந்தும், தங்களைப் பற்றித் தாழ்வாகவே நினைத்தார்கள். செல்லமாக வளர்ந்தவர்களிடம் தன்னம்பிக்கை இருந்தது. ஆனால் போதைப் பழக்கமும் பள்ளியில் ஒழுங்கு மீறுவதும் கூடுதலாக இருந்தன, படிப்பில் ஈடுபாடு குறைவு. உங்கள் வீட்டில் இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. உங்கள் கணவரும் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆயினும் உங்கள் விஷயத்தில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் 1996இல் அழுத்தமாக முன்வைத்த வேறுபாடு. பிள்ளையின் நடத்தையைக் கட்டுப்படுத்துவது வேறு, பிள்ளையின் மனத்தைக் கட்டுப்படுத்துவது வேறு என்றார் அவர். எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், யாரோடு போகலாம், கைபேசியை எப்போது அணைக்க வேண்டும் என்பவை நடத்தைக் கட்டுப்பாடு. இது போதாமல் போகும் வீடுகளில் பிள்ளைகள் வெளியே வம்பில் மாட்டும் வாய்ப்புக் கூடுகிறது. குற்ற உணர்வை ஏற்றுவது, ‘உனக்காக என் வாழ்க்கையையே விட்டேன்’ என்று சொல்லிக் காட்டுவது, வெட்கப்படுத்துவது, அன்பைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஆகியவை மனக் கட்டுப்பாடு. இது மிகுந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. பேசாமல் இருப்பது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அடித்ததில்லை, கத்தியதும் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை என்று நம்புகிறேன், அதற்காக உங்களை மதிக்கவும் செய்கிறேன். ஆனால் உங்கள் கையில் இருந்த தண்டனை மென்மையானதல்ல.

அந்த மூன்று நாட்களை அவள் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன். என் ஆலோசனை அறையில் பிள்ளைகள் இதை ஏறக்குறைய இதே விவரங்களோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் அவள் முதலில் கவனிப்பது சத்தங்களைத்தான். பாத்திரம் வைக்கப்படும் ஓசையில் இன்னும் கோபம் இருக்கிறதா என்று படுத்தபடியே கணக்கிடுகிறாள். சாப்பாடு மேசைக்கு வந்துவிடும், ஆனால் ‘சாப்பிட வா’ என்ற குரல் வராது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்வீர்கள், அவள் அதே அறையில் நின்றுகொண்டிருக்கும்போதே. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் அன்று நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல நினைத்து, வாசலிலேயே அதை விழுங்கிவிடுகிறாள். இரண்டாம் நாள் முடிவில் தான் செய்த தவறு என்ன என்பதே அவளுக்குப் பின்னால் போய்விடுகிறது. அம்மா எப்போது திரும்பி வருவாள் என்ற ஒரே கேள்விதான் முன்னால் நிற்கிறது. அந்த நிலையில் வரும் மன்னிப்பு, தவறு புரிந்ததால் வந்த மன்னிப்பாக இருக்க முடியாது. உங்களை இழந்துவிடும் பயத்துக்கு அவள் கட்டிய விலை அது.

சிறுவயதில் அந்த விலையைக் கொடுக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. 15 வயதில் வேறொரு வழி கிடைத்துவிட்டது: உங்களைத் தேவைப்படாதவளாக ஆகிவிடுவது. அவள் இப்போது வந்து மன்னிப்புக் கேட்காததை நீங்கள் பிடிவாதம் என்று நினைக்கிறீர்கள். அது அவள் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை என்றே நான் படிக்கிறேன். சரியாக நடந்தால்தான் பெற்றோரின் அன்பு கிடைக்கும் என்ற உணர்வோடு வளர்ந்தவர்களைப் பற்றி ஆவி அசோர், கை ரோத், எட்வர்ட் டெசி ஆகிய மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான். அத்தகையவர்கள் பெற்றோர் எதிர்பார்த்ததைச் செய்கிறார்கள், ஆனால் உள்ளே ஒரு நிர்ப்பந்தத்தோடு செய்கிறார்கள். பெற்றோர் மீது மனக்கசப்பும் கூடவே வளர்கிறது.

அப்படியானால் எல்லாம் உங்களால்தானா? இல்லை. இதைத் தயவுசெய்து ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை, இரண்டு காரியங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதைத்தான் காட்டுகின்றன. ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்கியது என்று அவற்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பாதிப்பு இருபுறமும் போகிறது. உள்ளொடுங்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோரின் பிடி இறுகுகிறது. பிடி இறுக இறுகப் பிள்ளை இன்னும் ஒடுங்குகிறது. பிறவிக் குணம், பூப்புக்குப் பிந்திய உடல் மாற்றம், வகுப்பறையில் நடக்கும் கேலி, தேர்வு அழுத்தம், நட்பு முறிவு என எத்தனையோ சேரும். ஓராண்டுக்கு முன் பள்ளியில் ஏதேனும் நடந்ததா என்று கண்டறிவது அவசியம். உங்கள் பங்கு முழுமையானதல்ல என்றாலும், உங்களால் உடனே மாற்றக்கூடியது அதுதான்.

அடுத்து, அந்த நோட்டு. படித்ததை அவளிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமலே இருந்துவிட்டால் நல்லது என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு உங்கள் நடத்தை மாறத்தான் போகிறது. திடீர் மாற்றத்தின் காரணத்தை அவள் எளிதில் ஊகித்துவிடுவாள். அப்போது நீங்கள் படித்த குற்றத்தோடு மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். ‘உன் நோட்டை உன்னைக் கேட்காமல் படித்துவிட்டேன். அது தவறு. உன்னைப் பற்றிய பயத்தில் செய்தேன், ஆனாலும் தவறுதான். இனி அதைத் தொடமாட்டேன். நான் பேசாத நாட்களைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். அது உன்னை அவ்வளவு வாட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் இனிச் செய்யமாட்டேன்.’ இவ்வளவு போதும். ‘ஆனால் நீயும்’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் இதோடு ஒட்டாதீர்கள். முன்னே சொன்ன அந்தக் கேள்வியை இந்தப் பேச்சின் முடிவிலேயே கேட்டுவிடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது பல பிள்ளைகளுக்கு விசாரணை போலத் தோன்றும். சேர்ந்து நடக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ, கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாத நேரத்தில் பேச்சு எளிதாக வரும்.

ஒளிந்து பார்ப்பதால் பெற்றோருக்கு நிறையத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையே அவ்வளவு உறுதியானதல்ல. சுவீடனில் 14 வயதினரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து ஹோகன் ஸ்டத்தினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளையின் வெளியுலகம் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி கண்காணிப்பினாலோ கேள்விகளினாலோ வந்ததல்ல, பிள்ளை தானாக வந்து சொன்னதால் வந்தது என்று கண்டது. என்னைப் பொறுத்தவரை பதின்பருவப் பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு முடிவு வேறில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தே பிள்ளை சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அமையும். உங்கள் மகளின் அனுபவத்தில், சொன்னால் மூன்று நாட்கள் மௌனம். அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

இனி விட்டுப்பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம். மௌனத்தை விடுங்கள், விதிகளை விடாதீர்கள். ஆனால் எந்த விதிகள் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் அவள் காதுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒருவர் மறுத்ததை மற்றவர் அனுமதிக்கும் வீட்டில் பிள்ளை விதியைக் கற்பதில்லை, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைத்தான் கற்கிறது. உங்கள் கணவரின் தாராளம் வெறும் பலவீனம் என்றும் நான் நினைக்கவில்லை. உங்கள் மௌனத்தால் அவள் படும் பாட்டைப் பார்த்து, அதை ஈடுகட்டத்தான் அவர் தலையசைத்துக்கொண்டிருக்கிறார் போலும். நீங்கள் மாறினால் அவருக்கும் உறுதியாக நிற்பது எளிதாகும்.

விதிகளைத் தேர்ந்தெடுக்க ஜூடித் ஸ்மெட்டானா என்ற உளவியலாளர் செய்து காட்டிய பாகுபாடு உதவும். பிறரைப் புண்படுத்துவது, உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தானவை ஆகியவற்றில் பெற்றோர் விதி வகுப்பதைப் பதின்பருவத்தினர் பெரும்பாலும் நியாயமாகவே ஏற்கிறார்கள். தலைமுடியை எப்படி வைத்துக்கொள்வது, எந்தப் பாட்டைக் கேட்பது, யாரைத் தோழியாகக் கொள்வது, நோட்டில் என்ன எழுதுவது என்பவற்றைத் தங்கள் சொந்த எல்லையாகக் கருதுகிறார்கள். சண்டைகள் பெரும்பாலும் இந்த எல்லைக் கோட்டில்தான் நடக்கின்றன. நீங்கள் அறையின் ஒழுங்கு என்று நினைக்கும் ஒன்றை அவள் ‘என் அறை’ என்று நினைக்கிறாள். ஆகவே உறுதியாக நிற்க வேண்டிய நான்கைந்து விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவள் கைக்கு விட்டுவிடுங்கள். தூக்கம் அந்த நான்கைந்தில் இருக்கட்டும். இந்த வயதில் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை; ஆனால் பூப்புக்குப் பிறகு உடலின் கடிகாரமே பிந்துவதால் சீக்கிரம் உறக்கம் வருவதில்லை. அது சோம்பல் என்று திட்டுவதால் சரியாகாது. இரவில் எல்லாக் கைபேசிகளும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். விதியைச் சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள். அவள் எதிர்வாதம் செய்தால் முழுவதும் கேளுங்கள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தால் விதியை மாற்றுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது.

விதி மீறப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். விளைவு அந்த விதியோடு தொடர்புடையதாக, சிறியதாக, எப்போது முடியும் என்று தெரிந்ததாக இருக்க வேண்டும். மௌனத்தின் கொடுமைகளில் ஒன்று, அது எப்போது முடியும் என்று பிள்ளைக்குத் தெரியாது என்பது. உங்களுக்குக் கோபம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘எனக்கு இப்போது மிகவும் கோபமாக இருக்கிறது. இப்போது பேசினால் தப்பாகப் பேசிவிடுவேன். இரவு எட்டு மணிக்குப் பேசலாம்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். எட்டு மணிக்கு நீங்களே அவள் அறைக் கதவைத் தட்டுங்கள். இடைப்பட்ட நேரத்திலும் ‘சாப்பிட வா’ என்ற குரல் நிற்கக் கூடாது. பேச்சு வார்த்தையை முதலில் தொடங்க வேண்டியவர் எப்போதும் பெரியவர்தான். தவறு யாருடையதாக இருந்தாலும் சரி.

காலம் கடந்துவிட்டதா என்றால், கடக்கவில்லை. திட்டமிடுவதற்கும் தன்னை அடக்கிக்கொள்வதற்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது; உங்கள் மகள் அந்தப் பாதையில் இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, அவள் எழுதிய வரியில் ‘அம்மா பேசாத நாட்களில்’ என்று இருப்பது. நீங்கள் பேசுகிறீர்களா, இல்லையா என்பது அவளுக்கு இன்னும் ஒரு பொருட்டாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்து இருங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கும் அன்று அவள் உருகிவிடமாட்டாள். நோட்டைப் படித்ததற்காகக் கத்தலாம், ‘இப்போது மட்டும் என்ன திடீரென்று?’ என்று கேட்கலாம், ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம். அடுத்த சில வாரங்களில் வேண்டுமென்றே ஏதாவது ஒரு விதியை மீறிப் பார்க்கவும் கூடும், அந்த மௌனம் உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள. அன்று இரவும் அவளைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இரண்டு வாரங்கள் கழித்து, அவள் எப்படித் தூங்குகிறாள், தோழிகளோடு பேசுகிறாளா என்ற இரண்டையும் குறிப்பிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.